உதவித்தொகை யாருடைய பணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வரும் பராமரிப்பு உதவித்தொகை, பல வீடுகளில் வந்த அன்றே மளிகைப் பாக்கி, சீட்டுப் பணம் என்று கரைந்துவிடுகிறது. ஏடிஎம் அட்டைகூட அவர்கள் கையில் இருப்பதில்லை. இது தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் தம்பிக்குத் தசைச்சிதைவு நோய். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அம்மா போன பிறகு எங்களோடு மதுரையில் இருக்கிறான். தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் அவன் கணக்கில் ஏறுகிறது. இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தும் கொஞ்சம் சம்பாதிக்கிறான். வீட்டுச் செலவில் தன் பங்கு எவ்வளவு என்று அவன்தான் முதலில் கேட்டான். உட்கார்ந்து பேசினோம். பால் பணமும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லில் பாதியும் அவன் பொறுப்பு. பால்காரர் இப்போது அவனிடம்தான் கணக்குப் பேசுகிறார். பால் வராத நாள்களைக் கழித்து, பைசா சுத்தமாகக் கொடுக்கிறான். மிச்சப் பணம் அவன் இஷ்டம். எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்பதில்லை.

"அவன்கிட்டப் போயா காசு வாங்குறீங்க?" என்று சில சொந்தக்காரர்களுக்குக் கோபம். "மொத்தத்தையும் வாங்கிக்க வேண்டியதுதானே, அவனுக்கு என்ன செலவு?" என்கிறார்கள் வேறு சிலர். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாருமில்லை.

செலவு இல்லையா? பிசியோதெரபி, மாத்திரை, படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, வெளியே போக ஆட்டோ. நாற்காலியை மடக்கி ஏற்றுவதற்குத் தனியாகக் காசு கேட்கிற ஆட்டோக்காரர்களும் உண்டு. உடம்புக்கான இந்தச் செலவை அவன் பங்கில் சேர்க்கக் கூடாது. உடன்பிறந்தவர்கள் மாதாமாதம் பிரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். கூட வைத்திருப்பவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடாது.

தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தன் 13-ஆம் பிரிவில் தருகிறது. ஆனால் வங்கிக்குப் போனால், கணக்கு வைத்திருக்கும் தம்பி எதிரே இருக்க, "எவ்வளவு எடுக்கணும்?" என்று என்னைக் கேட்கிறார்கள். கவுண்ட்டரில் உட்காருபவர்களுக்கு இந்தப் பிரிவை வங்கி நிர்வாகங்கள் முதலில் சொல்லிக்கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை.