அடிபம்புத் தண்ணீரில் காரீயம்: மாதிரியை ஒழுங்காக எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது. 'காரீயம்: இல்லை' என்று முடித்துவிட்டார்கள். மாதிரி எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். யாரோ குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர் பாட்டில், பம்புத் தண்ணீரிலேயே ஒரு அலசு, மூடிப் பையில் வைத்துக்கொண்டு தம்பி கிளம்பிவிட்டார். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த 'இல்லை'யை என்னால் நம்ப முடியவில்லை.

கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களில் கிரீன்லாந்துப் பனியில் காரீயத்தை அளந்தார். மிகப் பழைய பனிக்கட்டியில் கிலோவுக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. 1965 வாக்கில் விழுந்த பனியில் அதுபோல 200 மடங்கு. பெட்ரோலில் கலந்த காரீயம் காற்றோடு அங்கே வரை போயிருந்தது. இந்த எண்ணை ஊர் நம்பும்படி செய்ய அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தலைமுடி, தூசி, சாதாரண அமிலம் எல்லாவற்றிலும் பனியில் இருப்பதைவிடக் காரீயம் அதிகம். அதனால் வடிகட்டிய காற்று உள்ள அறையில், அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாட்டில்களோடுதான் வேலை. பின்னாளில், துளையிட்டு எடுத்த பனித்தூணின் மேற்புறத்தைச் சுற்றிலும் அடுக்கடுக்காகச் சீவி எறிந்துவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் சோதித்தார்கள். சுத்தமான வெறும் நீரையும் அதே வழியில் அனுப்பி, இடையில் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். அப்படி அளந்ததால்தான், பெட்ரோலில் காரீயம் குறைந்த பிறகு கிரீன்லாந்துப் பனியிலும் அது ஏழில் ஒரு பங்குக்கு இறங்கியதை 1991இல் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

குடிநீருக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இதற்குத் துருவப் பனிக்கான சுத்தம் வேண்டாம், சரி. ஆனால் இங்கே தவறு எதிர்ப்பக்கம் நடக்கும். தண்ணீர் எடுத்த கையோடு சுத்தமான நைட்ரிக் அமிலம் சில சொட்டு விடாவிட்டால், காரீயம் பாட்டிலின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். கருவிக்குள் போகும் நீரில் அளவு குறைந்துதான் தெரியும்.

பாத்திரப் பட்டறையும் பள்ளிக்கூடமும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் கும்பகோணம். காரீயம் முதலில் கெடுப்பது பிள்ளைகளின் மூளையை. ஆகவே அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள்: எந்தப் பாட்டில், எப்போது அமிலம் விட்டார்கள், வெறும் நீரில் என்ன அளவு வந்தது, கருவி எவ்வளவு குறைந்த அளவு வரை காட்டும் என்பவற்றை அறிக்கையிலேயே அச்சிடுங்கள். எங்கள் தெருவில் மறுபடி மாதிரி எடுங்கள். பாட்டில் கழுவ ஆளில்லை என்றால் நான் வருகிறேன்.

— ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர், கும்பகோணம்