நிதானத்துக்கும் வசதி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விடலைப் பருவக் குணங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதினைந்து, பதினாறு வயதில் நிதானமும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளைக்கு முதுமையில் டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவாம். பாதிதான் சரி.

1960இல் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 4 லட்சம் பேரிடம் அறிவோடு குணத்தையும் சோதித்தார்கள். ‘புராஜெக்ட் டேலன்ட்’ என்று பெயர். அவர்களில் 82,232 பேரின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை அரை நூற்றாண்டு கழித்துப் புரட்டிப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. நிதானமும் முதிர்ச்சியும் உள்ளவர்களுக்கு நோய் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்கு? பெற்றோரின் படிப்பு, வருமானம், வேலை, சொத்து ஆகியவற்றில் மேலே இருந்தவர்களுக்கு. கீழே இருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தப் பலனைக் காணவில்லை. கட்டுரையாளர் இதை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

வளர்ந்த வீட்டின் வசதி உடம்பிலும் தெரியும் என்பதற்கு இன்னொரு ஆய்வு: நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரின் உடல்நலத்தை இன்றும் பின்தொடர்கிறார்கள். 26 வயதில் அவர்கள் வாயைத் திறந்து பார்த்தபோது, ஏழை வீட்டில் வளர்ந்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஈறு நோய். வசதியான வீட்டில் வளர்ந்தவர்களில் 12 சதவீதம். பிற்பாடு நல்ல நிலைக்கு வந்தவர்களுக்கும் பழைய வீட்டின் பாதிப்பு தீரவில்லை.

நான் நிலக்கோட்டைப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், முதல் பாடவேளையிலேயே தலை சாய்த்துவிடுவான். எழுப்பினால் எரிந்து விழுவான். அவன் நோட்டைத் திருத்தும்போது மல்லிகை வாசம் அடிக்கும். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் மொட்டுப் பறித்துவிட்டு, ஏதும் சாப்பிடாமல் வருகிறான் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் ‘பொறுப்பற்றவன், முன்கோபி’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அந்த அட்டையின் முதல் பக்கத்திலேயே ‘தந்தை தொழில்: கூலி’ என்று இருந்தது. அதை நிரப்பியதும் நான்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்