ரெசின் வார்ப்பு வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோலம், தையல், மாலை கட்டுதல் ஆகிய வகுப்புகள் எப்போதும்போல் நன்றாக நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாம் இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய ரெசின் வார்ப்பு (ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றிக் கண்ணாடிபோல் இறுகவைப்பது) வகுப்பைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்த ஆண்டு சேருகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொண்டால் நிறையப் பணம் மிச்சமாகும்.

முதல் வகுப்பில் ஊற்றியதில் பாதி இறுகவே இல்லை. மறுநாள் மாலை அச்சைத் திறந்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. காரணம் அளவுதான். பிளாஸ்டிக் கப்பில் கண்ணளவாக ஊற்றினோம், சிலர் சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கொஞ்சம் கூடவே விட்டார்கள். நாம் ஊற்றும் எபோக்சி வகை ரெசினில் ஹார்ட்னர் தயிருக்கு விடும் உறைமோர் மாதிரி கிடையாது, ரெசினோடு சொன்ன விகிதத்தில் சேரும் பங்காளி அது. கூடினாலும் குறைந்தாலும் மிச்சப்பட்டது சேர ஆளில்லாமல் அப்படியே நிற்கும். இன்னொன்று, போத்தலில் கொள்ளளவுக்கு 1:1 என்று போட்டிருந்தால் எடைக்கும் அதே கணக்கு என்று நினைக்கக்கூடாது, ரெசின் பொதுவாக ஹார்ட்னரைவிட அடர்த்தி கூடியது. எடைக்கு என்ன விகிதம் என்று தயாரிப்பாளர் தாளில் பார்த்து டிஜிட்டல் தராசில் நிறுத்துதான் இப்போது கலக்குகிறோம். 3 முதல் 5 நிமிடம் மெதுவாக, கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து. அதற்கப்புறம் ஒட்டல் புகார் வரவில்லை.

அடுத்தது நம் ஊர்க் காற்று. ஒரு மழை மாலையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஊற்றியதில் மேலே எண்ணெய் தடவியதுபோல் வெள்ளைப் படலம் வந்துவிட்டது. ஹார்ட்னரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். இப்போது மழை நாளில் ஏர்கோன் அறையில்தான் ஊற்றுகிறோம். சூட்டையும் மறக்கக்கூடாது. 25 டிகிரி அறையில் அரை மணி தாங்கும் கலவை 35 டிகிரியில் ஏறக்குறைய பாதி நேரம்கூடத் தாங்காது. கலக்கியதைக் கப்பிலேயே வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கப்பை நெளித்துவிடும், அதையும் ஒரு நாள் கண்ணால் பார்த்தோம்.

ஒரு அக்கா தன் மகளின் திருமண மாலையிலிருந்து மல்லிகையை எடுத்து வந்து ஆசையாகப் பச்சையாகவே போட்டார். ஒரு வாரத்தில் பழுப்பாகிவிட்டது, அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பூவில் ஈரம் கொஞ்சமும் இருக்கக்கூடாது, மூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளுக்குள் ஒரு வாரமாவது புதைத்து வைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் மல்லிகை வெண்மையாக நிற்காது, செண்டுமல்லி நன்றாக நிற்கும்.

இந்த ஆண்டில் எனக்கு மிகப் பிடித்த பொருள் ரப்பர் மரத்தின் கொட்டை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெரியவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். சிறுவயதில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் குத்தி, எது உடைகிறது என்று விளையாடிய அதே கொட்டை. முதலில் அப்படியே ஊற்றினோம், உள்ளே காற்று இருப்பதால் மிதந்து குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் கொட்டைமேல் தூரிகையால் ஒரு பூச்சு பூசி இறுகவிட்டு, அச்சில் பாதி ஊற்றி, அது இன்னும் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கொட்டையை வைத்து மீதியை ஊற்றினோம். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பழுப்பும் சாம்பலும் கலந்த கோடுகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிகின்றன. பெரியவர் அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார்.

புற ஊதா ஒளியில் இறுகும் யூவி ரெசின், அதற்கான விளக்கில் சில நிமிடத்தில் இறுகும் என்று சிலர் அதையே கேட்கிறார்கள். மெல்லிய கம்மலுக்குச் சரி, தடிமனான வார்ப்புக்கு ஆகாது. கொட்டையின் நிழல் விழும் இடத்தில் ஒளி போகாது, அடியில் ஈரமாகவே இருக்கும். அதேபோல் தீபத்தட்டு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சாதாரண எபோக்சி பெரும்பாலும் 50–60 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும், விளக்கின் அடி பதிந்த தட்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது. சாப்பாடு வைக்கும் தட்டும் வேண்டாம்.

உடம்பு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. ஒரு உறுப்பினருக்குக் கையில் தடிப்பு வந்து அவர் வகுப்பையே விட வேண்டியதாயிற்று. எபோக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பொதுவாகப் போவதில்லை. நைட்ரைல் கையுறை கட்டாயம். லேடெக்ஸ் கையுறை நம் சிலிகோன் அச்சு செய்யும்போதும் ஆகாது, அதிலுள்ள கந்தகம் பட்டால் பிளாட்டினம் வகை சிலிகோன் இறுகாது. தோலில் ரெசின் பட்டால் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், சோப்பும் தண்ணீரும் போதும். இறுகிய வார்ப்பைத் தேய்க்கும்போது தூசுக்கு முகக்கவசம், மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றவே கூடாது, இறுகியபின் குப்பையில் போடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு இன்னொரு தராசும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் வாங்க அனுமதி கேட்கிறேன். இடம் கொடுத்தவர்களுக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் பிறகு மேசையைச் சுத்தம் செய்த தம்பி தங்கைகளுக்கும் மனமார்ந்த நன்றி. சேர விரும்புகிறவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். அச்சோ ரெசினோ வாங்கி வர வேண்டாம், பூ வைக்க ஆசை இருந்தால் அதை மட்டும் இப்போதே காயப் போட்டுவையுங்கள்.

செயலாளர்