தேவி, மீட்டிங்குக்கு முன்னாடி இதப் படி

குரோம்பேட்டை,
14 டிசம்பர் 2025

அடியே தேவி,

மூணு வாரமா உன் மெசேஜ் எதுக்கும் ஒழுங்கா பதில் போடல, திட்டு, வாங்கிக்கறேன். நிலாவ நாய் கடிச்சிருச்சுன்னு நீ அழுதுகிட்டே போன் பண்ண அன்னிக்கு "ஊசி போட்டாச்சா"ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சுட்டேன்ல, அது உனக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்னு தெரியும். அப்போ எங்க கார் ஷெட்ல எங்க தெரு நாய் கருப்பி அடிபட்டுப் படுத்திருந்தா. நாய் கடிச்ச குழந்தையோட அம்மாகிட்ட, நாய மடில வச்சுகிட்டு நான் என்னத்த பேசறது? வாயே வரல. 21ஆம் தேதி உங்க அசோசியேஷன்ல நாய்ங்களப் பத்தி நடக்கப்போற மீட்டிங்குக்கு முன்னாடி இதெல்லாம் சொல்லணும், வாட்ஸ்அப்ல எழுத ஆரம்பிச்சு நீளமாப் போகுது, அதான் மெயில்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். ரவிக்கு ஓசூர் மாத்தல் கன்ஃபார்ம். ஜெயந்தி பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருச்சு, பாயசம் அச்சு அசல் நம்ம ஹாஸ்டல் மெஸ் பாயசம். இது போதும், விஷயத்துக்கு வர்றேன்.

கருப்பிய உனக்குத் தெரியும், போன பொங்கலுக்கு வந்தப்போ உன் செருப்பத் தூக்கிட்டு ஓடினாளே, அவதான். அக்டோபர்ல ரெண்டு குட்டி போட்டா, எதிர் வீட்டு மாடிப்படிக்கு அடியில. நவம்பர் 18, ராத்திரி பத்தரை இருக்கும், நல்ல மழை, மெயின் ரோட்ல ஒரு கார் அடிச்சுட்டு நிக்காமப் போயிருச்சு. நான் போய்ப் பார்க்கறப்போ முன்னங்கால் ரெண்டையும் ஊனி உடம்ப இழுத்துகிட்டு குட்டிங்க இருக்கற பக்கமா வந்துகிட்டு இருக்கா, இடுப்புக்குக் கீழ அப்படியே தொங்குது. எனக்குக் கை கால் ஓடல. அப்புறம் மேல் வீட்டுத் தம்பி வந்தான், அவன் துப்பட்டா கேட்டு வாங்கி மொதல்ல அவ வாயக் கட்டினான். நம்மள அவ்ளோ நம்பற நாய்கூட வலில கடிச்சிரும் தேவி, அது தப்பே இல்ல. வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ மட்டும் வாயக் கட்டக் கூடாதாம். எங்க பழைய கேரம் போர்ட எடுத்துட்டு வந்து, அசையாம அதுமேல மெதுவா நகத்தி, பெட்ஷீட்ட சுத்திக் கட்டித் தூக்கினோம். முதுகெலும்பு உடைஞ்சிருந்தா கைல வாரித் தூக்கினா இன்னும் நொறுங்கிடும்னு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் தண்ணி கொடுக்கப் போனேன், அதுவும் வேணாம்னுட்டான், உள்காயம் இருக்கலாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்னு.

அன்னிக்கு ராத்திரி நாலு இடத்துக்கு போன் பண்ணேன். ரெண்டு பேர் எடுக்கல. ஒரு இடத்துல ஆம்புலன்ஸ் வேற கேஸ்ல இருக்குன்னாங்க, இன்னொரு இடத்துல ஷெல்டர் நிரம்பிடுச்சு, இடம் இல்லம்மான்னு வச்சுட்டாங்க. எனக்கு வந்த கோவம்! விலங்குகளுக்குன்னு அமைப்பு வச்சு நன்கொடை வாங்கறீங்கல்ல, அப்புறம் என்னன்னு தோணுச்சு. விடிய விடிய பக்கத்துலயே உக்காந்திருந்துட்டு, காலைல வழக்கமா வர்ற ஆட்டோ அண்ணன் வண்டில வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்க நடந்ததை உன்கிட்ட சொல்லியே ஆகணும். டாக்டர் ஒரு இடுக்கி மாதிரி இருக்கறத வச்சு பின்னங்கால் விரல அழுத்தினாரு. கால் வெடுக்குனு உள்ள இழுத்துச்சு. நான் "உணர்ச்சி இருக்கு டாக்டர்"னு கத்திட்டேன். அவரு நிதானமா சொன்னாரு, இது தண்டுவடம் தானாப் பண்றதும்மா, வலி மூளைக்குப் போயிருந்தா அவ திரும்பிப் பார்க்கணும், முனகணும், என்னக் கடிக்க வரணும். மறுபடி இன்னும் பலமா அழுத்தினாரு. கால் இழுத்துச்சு. கருப்பி என் முகத்தையே பார்த்துகிட்டு இருந்தா.

எக்ஸ்ரேலயும் அதேதான். வீட்டுக்குக் கொண்டு வந்து பதினோரு நாள் பார்த்தேன். மூத்திரம் தானா வராது, வயித்த ரெண்டு பக்கமும் அழுத்தி நாமதான் எடுத்து விடணும், இல்லன்னா தேங்கி சீழ் வச்சிரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டேன், ராத்திரிலயும் அலாரம் வச்சு. அப்படியும் ஒம்பதாவது நாள் இடுப்புப் பக்கம் புண்ணு வந்துச்சு, காய்ச்சல் ஏறுச்சு, சாப்பிடறத நிறுத்திட்டா. நவம்பர் 29, டாக்டர் வீட்டுக்கே வந்தாரு. மொதல்ல தூங்கறதுக்கு ஒரு ஊசி, அப்புறம் இன்னொண்ணு. தலை என் தொடைல இருந்துச்சு. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. சக்கர வண்டி கட்டி வருஷக்கணக்கா நல்லா வாழற நாய்ங்க இருக்கு, நானே பார்த்திருக்கேன், அதனால நான் பண்ணது சரியான்னு இன்னும் ராத்திரி எந்திரிச்சு உக்காந்து யோசிக்கறேன். ஆனா அந்தப் புண்ணோட வலில அவள இன்னும் ஒரு வாரம் வச்சிருந்தா அது எனக்காக வச்சிருந்ததா ஆயிருக்கும்.

ஒண்ணு மட்டும் என்னால தாங்கவே முடியல தேவி. மூணு வருஷம் நான் அவளுக்குச் சோறு போட்டேன். தயிர் சாதம், பிஸ்கட், ஞாயித்துக்கிழமை கோழி எல்லாம். ஒரு தடவை கார்ப்பரேஷனுக்கு ஒரு போன் பண்ணி கருத்தடை ஆபரேஷனுக்கு அனுப்பியிருந்தா அவளுக்குக் குட்டி இருந்திருக்காது, பால் கொடுக்கற பசில அந்த மழைல தீனி தேடி மெயின் ரோட்டுப் பக்கம் போயிருக்க மாட்டா. எங்க தெருல இருக்கற மத்த ரெண்டு நாய்க்கும் ஆபரேஷன் ஆனதுக்கு அடையாளமா காதுல வெட்டு இருக்கு, யாரோ பண்ணியிருக்காங்க. பாசமா வளர்த்தவ நான், என் நாய்க்கு இல்ல.

அந்த இடம் இல்லன்னு சொன்ன ஷெல்டருக்கு, கருப்பி ஷெட்ல படுத்திருக்கறப்பவே ஒரு நாள் சண்டை போடத்தான் போனேன். கேட்டுக்கு வெளிய ஒரு அட்டைப்பெட்டி, உள்ள அஞ்சு குட்டி, கண்ணுகூடத் திறக்கல. யாரோ விடியக்காலைல வச்சுட்டுப் போயிருக்காங்க. அங்க இருந்த அக்கா அதத் தூக்கிட்டு என்னப் பார்த்து "இதுங்க அம்மா எங்கேயோ பால் கட்டிப்போய் தேடிகிட்டு இருக்கும்மா"ன்னாங்க. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டில்ல கொடுக்கணும், சும்மா பசும்பால் கொடுத்தா வயித்தால போயே செத்துரும். உள்ள போனா ஒரு ஆளு நாப்பது நாய்க்கு கென்னல் கழுவறாரு. ஒரு நாய்க்குக் கழுத்துல புழு வச்ச புண்ணு, யாரோ நல்லது பண்றதா நெனச்சு மண்ணெண்ணெய் ஊத்திட்டாங்க, தோலே வெந்து போச்சு. ஒரு பூனைக்குக் காய்ச்சல்னு வீட்ல இருந்த பாராசிட்டமால் கொடுத்துட்டு, அது மூச்சு வாங்க ஆரம்பிச்சப்புறம் தூக்கிட்டு வந்திருக்காங்க. பூனைக்கு அது விஷம்டி, ஒரு மாத்திரையே போதும் உயிர் போக. நான் சண்டை போடல. அன்னில இருந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயிட்டு இருக்கேன்.

இப்போ உன் விஷயம். உங்க அசோசியேஷன் குரூப் மெசேஜ ஃபார்வர்ட் பண்ணியிருந்தல்ல, 21ஆம் தேதி மீட்டிங், எல்லா நாயையும் வண்டி வச்சுப் பிடிச்சு ஷெல்டர்ல விடறது இல்லன்னா ஊருக்கு வெளிய விடறது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சுன்னு. நீ செக்ரட்டரி, உன் குழந்தைதான் கடிபட்டது, உன் பேச்ச எல்லாரும் கேப்பாங்க, அதனாலதான் உனக்கு எழுதறேன்.

கோர்ட் சொன்னது அது இல்ல தேவி. ஆகஸ்ட் 11 அன்னிக்கு டெல்லி நாய்ங்க எல்லாத்தையும் ஷெல்டர்ல அடைக்கச் சொன்னாங்க, 22ஆம் தேதியே அத மாத்தி, ஆபரேஷன் பண்ணி தடுப்பூசி போட்டு பிடிச்ச இடத்துலயே விடணும், ரேபிஸ் உள்ளதும் ரொம்ப ஆக்ரோஷமா இருக்கறதும் மட்டும் விடக் கூடாதுன்னாங்க. நவம்பர் 7 உத்தரவு ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்களுக்கு. உங்க அபார்ட்மெண்ட்டுக்கு 2023 ஏபிசி விதிதான், அதாவது தெரு நாய்ங்களுக்குக் கருத்தடை பண்றதப் பத்தின விதி. அதுல சோறு வைக்கற இடம்கூட குழந்தைங்க விளையாடற பக்கமோ வாசல் பக்கமோ இருக்கக் கூடாதுன்னு இருக்கு, அத நீ கண்டிப்பா கேளு, அது நிலாவோட உரிமை.

ஷெல்டர்ல விட்டுரலாம்னு சுலபமாச் சொல்றாங்களே, நான் பார்த்தத சொல்றேன். பார்வோன்னு ஒரு வைரஸ், மண்ணுல மாசக்கணக்கா இருக்கும், பிளீச்சிங் போட்டுக் கழுவினாத்தான் சாகும். நல்லா இருந்த குட்டிய கூட்டத்துல கொண்டு போய் விட்டா ஒரு வாரத்துல ரத்த பேதி. கருப்பியோட ஒரு குட்டிய அதுலதான் பறிகொடுத்தேன், நல்லா கவனிப்பாங்கன்னு நானே கொண்டு போய் விட்டேன். உங்க நாய்ங்க காலி பண்ற இடமும் சும்மா இருக்காது, குப்பைத் தொட்டி அங்கயேதான இருக்கு, பக்கத்து ஏரியாலேர்ந்து வேற நாய் வரும், ஊசி போடாதது, உங்க பசங்களத் தெரியாதது. நம்ம மெட்ராஸ்லயே நூறு வருஷத்துக்கும் மேல கார்ப்பரேஷன் நாய்ங்களப் பிடிச்சுக் கொன்னுச்சு, குறையவே இல்ல. 1959ல ஆரம்பிச்ச ப்ளூ கிராஸ்னு விலங்குகளுக்கான அமைப்பு அறுபதுகள்லேர்ந்து ஆபரேஷன் பண்ணுங்கன்னு கேட்டுகிட்டே இருந்து, 1996லதான் கார்ப்பரேஷன் கேட்டுச்சு. பத்துல ஏழு நாய்க்காவது ஆபரேஷனும் ஊசியும் ஆகணும், அப்பத்தான் குட்டியும் குறையும், ரேபிஸும் அடங்கும். பாதி தெரு பண்ணிட்டு விட்டா திரும்ப ஆரம்பம்தான்.

எனக்கு உண்மையா பயம் இன்னொண்ணுல. நிலாவக் கடிச்ச நாய வாட்ச்மேன் அன்னிக்கே அடிச்சு விரட்டிட்டாருன்னியே. கடிச்ச நாய பத்து நாள் கண்ணுல வச்சிருக்கணும்டி, அதுக்குள்ள அது நல்லா இருந்தா கடிச்சப்போ அதுகிட்ட ரேபிஸ் இல்லன்னு அர்த்தம். விரட்டினதால இப்போ யாருக்கும் தெரியாது. அதனால ஊசில ஒரு நாள் தவறக் கூடாது. 0, 3, 7ஆவது நாள் ஊசி போட்டாச்சுன்ன. 28ஆவது நாள் வர்ற சனிக்கிழமை, 20ஆம் தேதி. காயம் ஆறிருச்சு, குழந்தை ஓடி விளையாடுதுன்னு மாமியார் சொன்னாலும் கேக்காத, வந்துட்டா இந்த நோய்க்கு மருந்தே இல்ல. ரத்தம் வந்த கடின்னு சொன்ன, அன்னிக்கு காயத்தச் சுத்தி இம்யூனோகுளோபுலின்னு ரேபிஸ் கிருமிய உடனே எதிர்க்கற இன்னொரு ஊசி போட்டாங்களான்னு சீட்ட எடுத்துப் பாரு. இல்லன்னா நாளைக்குக் காலைல மொத வேலையா அந்த டாக்டர்கிட்டயே கேளு. அடுத்த தடவை யாருக்கு ஆனாலும் மொதல்ல குழாயத் திறந்து சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவணும், மஞ்சள் வேணாம், காபித்தூள் வேணாம், இத குரூப்லயும் போடு.

நாய் வேணும்னு நான் உன்கிட்ட சொல்ல வரல. நீ ஹாஸ்டல்ல பூனைக்குட்டியப் பார்த்தே கட்டில் மேல ஏறினவ! நிலாவுக்கு அந்த கேட்டத் தாண்டறப்போ கை நடுங்கக் கூடாது, அதுதான் எனக்கும் வேணும். உங்க காம்பவுண்டுல ஏழு நாய்னு சொன்ன, ஏழுக்கும் கார்ப்பரேஷன்ல எழுதிக் கொடுத்து ஆபரேஷன், ஊசி பண்ண வைங்க, எதெது முடிஞ்சுதுன்னு போட்டோவோட ஒரு நோட்ல எழுதி வைங்க. நான் 20ஆம் தேதி காலைல கோவை எக்ஸ்பிரஸ்ல வர்றேன், டிக்கெட் போட்டாச்சு. மத்தியானம் ஸ்டேஷனுக்கு வா, நேரா நிலாவக் கூட்டிகிட்டு ஊசிக்குப் போவோம், மறுநாள் மீட்டிங்ல உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்.

கருப்பியோட இன்னொரு குட்டி எங்க வீட்லதான் இருக்கு. பொட்டை, அம்மா மாதிரியே கருப்பு. மொத ஊசி போட்டாச்சு, ஆறு மாசம் ஆனதும் ஆபரேஷன், தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சுட்டேன். பேரு இன்னும் வைக்கல. அவ போட்டோவ நிலாகிட்ட காட்டறதா வேணாமான்னு நீ சொல்லு, நீ வேணாம்னா போன்லகூட எடுத்துட்டு வரல.

உன்,
சுமதி