எந்தக் கோணல் காசுக்கு விலை உண்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் இருந்தால் லட்சக்கணக்கில் தருவார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு உண்டியலைக் கொட்டிக் கிளறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், இடமிருந்தால் போடுங்கள். அது 2012இல் வந்த நினைவு நாணயம், அச்சடிக்கும்போது கோளாறாகி வெளிவந்த பிழை நாணயமே இல்லை. ஆண்டுக்குக் கீழே இருக்கும் வைரம், நட்சத்திரம், புள்ளி எதுவும் பிழையில்லை. மும்பை, ஹைதராபாத், நொய்டா நாணயச்சாலைகளின் குறி அவை, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா.

சேகரிப்பாளர்கள் கேட்பது ஒன்றுதான்: கோளாறு நாணயச்சாலையிலேயே நடந்ததா, வெளியே வந்தபிறகு யாராவது செய்ததா? ஓரத்தில் பிறை போல வெட்டுப்பட்ட காசை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பு மழுங்கியிருந்தால் பெரும்பாலும் அசல்தான், ஏனென்றால் வெட்டுப்பட்ட வெறும் தகட்டில் விளிம்பு எழுப்பும்போது எதிர்ப்பக்கம் அழுத்தம் சரியாகச் சேராது. எதிர் விளிம்பு மழுங்காமல் முழுசாக இருந்தால் அரத்தின் மீது சந்தேகப்படுங்கள். ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் அதே சிங்கம் இடவலம் மாறிக் குழிவாகவும் இருந்தால் அது சேகரிப்பாளர்கள் 'லக்கி' என்று சொல்வது (முன்பு அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டதால் வரும் பிழை), நல்ல விலை போகும். ஆனால் இரண்டு காசைச் சேர்த்து வைஸில் இறுக்கினாலும் குழி விழும், அதில் ஏற்கெனவே இருந்த எழுத்து அமுங்கிக் கிடப்பது லென்ஸில் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே படம், குழியாமல் இடவலம் மாறாமல் இருக்கும் காசு? அநேகமாக லேத் பட்டறைச் சரக்கு, விளிம்பின் உள்ளே ஒட்டுக்கோடு தேடுங்கள்.

அப்புறம், அசல் பிழை எல்லாமே காசு பார்க்காது. அச்சில் மசகு அடைத்து ஒரு எழுத்து மங்கியது, மெல்லிய விரிசல் கோடு, படம் ஓரிழை தள்ளி விழுந்தது, இதற்கெல்லாம் முகமதிப்புதான். படம் பாதி வெளியே போய், ஆண்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தால் சேகரிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நம் காசை மேலும் கீழும் விரலால் பிடித்து இடவலமாகத் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்கவேண்டும். தலைகீழாக நின்றால் கேட்க ஆள் உண்டு, கொஞ்சம் சாய்ந்திருந்தால் இல்லை.

வாங்குகிறேன் என்பவர் முதலில் கமிஷனோ வரியோ கட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. கிடைத்த காசைப் புளிபோட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், இருக்கிற விலையும் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்