ஜெனோவா வரை எங்களைக் கொண்டுசேர்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கடந்த அக்டோபர் மாதம் பிரான்சின் நீஸ் நகரில் தொடங்கி இத்தாலியின் ஜெனோவா வரை, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, ஆறு நாட்கள் மிதிவண்டியில் பயணம் செய்த நாங்கள் மூவரும் இம்மடலை எழுதுகிறோம். வழியில் கைகொடுத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. முகவரி கிடைத்தவர்களுக்கு இத்தாலிய மொழியில் தனியே எழுதிவிட்டோம். ஆயினும், கேரியரில் மாட்டும் பைகளை இரவல் தந்த நண்பரும், வழியைத் தாளில் வரைந்து கொடுத்த தோழியும் தமிழ் வாசகர்கள். தங்கள் உதவி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

தோழியே, வென்டிமிலியாவைக் கடந்ததும் அவுரேலியா நெடுஞ்சாலையிலேயே போய்விடாமல், ஒஸ்பெதலெத்தியில் கடலோரப் பாதைக்கு இறங்கிவிடுமாறு நீங்கள் எழுதியிருந்தீர்கள். இரயில் தடம் 2001இல் மலைப்பக்கமாக மாற்றப்பட்ட பின், கைவிடப்பட்ட பழைய தடமே சான் லொரென்சோ அல் மாரே வரை 24 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையாகியிருக்கிறது. இரயிலுக்கென்று போட்ட தடம் என்பதால் ஏற்றமே தெரியவில்லை. காப்போ நேரோ முனைக்கு அடியில் செல்லும் சுரங்கத்தின் சுவரில், 1907இல் தொடங்கிய மிலான்–சான்ரெமோ மிதிவண்டிப் பந்தயத்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டே உருண்டோம். அந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லலாம்.

மறுநாள் இம்பீரியாவைத் தாண்டிக் காப்போ பெர்த்தா மேட்டில் ஏறி இறங்கும்போது, எங்களில் ஒருவரது பின்சக்கரத்தில் இரண்டு ஸ்போக்ஸ் கம்பிகள் உடைந்தன. இரண்டும் கியர் பக்கத்துக் கம்பிகள். சுமையேற்றிய வண்டியில் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் உடையும்; பற்சக்கரத் தொகுப்பைக் கழற்றாமல் அங்கே புதுக் கம்பி கோக்கவும் முடியாது, அதைக் கழற்றும் கருவி எங்களிடம் இல்லை. (கனமான காப்பி வடிகட்டும் பாத்திரம் இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.) தள்ளிக்கொண்டு தியானோ மரீனாவை அடைந்தபோது பிற்பகல் ஓய்வுக்காகக் கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. மிதிவண்டிக் கடையின் வாசலில் நாங்கள் உட்கார்ந்திருப்பதை மாடியிலிருந்து பார்த்த கடைக்காரர், சாப்பாட்டுத் துண்டு தோளில் கிடக்க இறங்கிவந்து பாதிக் கதவைத் தூக்கினார். அளவுக்கேற்பக் கம்பியை வெட்டி, மரை போட்டு, கோத்து, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஐயா, நீங்கள் கம்பிக்கு மட்டுமே காசு வாங்கிக்கொண்டீர்கள். கூலி என்று நாங்கள் நீட்டியதைத் திருப்பி எங்கள் சட்டைப் பையிலேயே வைத்தீர்கள்.

அலாசியோவில் ரொட்டிக்கடை நடத்தும் அம்மையாருக்கும் நன்றி. எங்களில் ஒருவர் சைவம் என்று சைகையில் புரிந்துகொண்டு, கொண்டைக்கடலை மாவையும் ஒலிவ எண்ணெயையும் கலந்து அடுப்பில் வேகவைக்கும் ஃபரினாத்தாவை வெட்டி வைத்தவர், மாவிலும் எண்ணெயிலும் விரல் வைத்துக் காட்டி, வேறொன்றும் சேர்க்கவில்லை என்று உறுதிசெய்தார். நோலியில், முன்பதிவு செய்திருந்த விடுதி வண்டிகளை உள்ளே விட மறுத்த இரவில், ஒலிவ எண்ணெய்ப் பீப்பாய்கள் அடுக்கிய தம் கீழ்க்கூடத்தைத் திறந்துவிட்ட அண்டை வீட்டு முதிய தம்பதியரை மறக்க மாட்டோம்.

சவோனாவில் மழை பிடித்துக்கொண்டது. ஜெனோவா வரை முழுவதும் மிதித்தோம் என்று சிலரிடம் சொல்லியிருந்தோம், அது உண்மையன்று. கடைசி 45 கிலோமீட்டரை உள்ளூர் இரயிலில் கடந்தோம். மிதிவண்டிப் படம் போட்ட பெட்டியைத் தேடி நடைமேடையில் ஓடியபோது, மூன்று வண்டிகளையும் ஏற்றும்வரை பொறுத்திருந்து, ஒன்றைத் தாமே தூக்கிவிட்ட நடத்துநருக்கு எங்கள் வணக்கம்.

தியானோ மரீனா கடைக்காரர், போகும்போது உதிரிக் கம்பி ஒன்றையும் சட்டத்தோடு சேர்த்து நாடா சுற்றி ஒட்டிவிட்டிருந்தார். அது இன்னும் பிரிக்கப்படாமல் அங்கேயே இருக்கிறது.

நன்றியுடன்,
மிதிவண்டிப் பயணிகள் மூவர்