யாழினியின் பரீட்சை பற்றி அம்மாவுக்கு

வென்ட்வொர்த்வில், சிட்னி

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே மே மாதமே குளிர் தொடங்கிவிட்டது. தோசை மாவு புளிக்க இரண்டு நாள் ஆகிறது.

யாழினிக்குப் பரீட்சை முடிந்தது. போனில் பேசும்போது அவள் பக்கத்திலேயே இருப்பதால் எதையும் விவரமாகச் சொல்ல முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இங்கே சில அரசுப் பள்ளிகளில் 5, 6ஆம் வகுப்புகளுக்கு மட்டும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தனி வகுப்பாகச் சேர்க்கிறார்கள். ஆப்பர்சூனிட்டி கிளாஸ் என்று பெயர். அதற்கு 4ஆம் வகுப்பிலேயே பரீட்சை. வாசிப்பு, கணக்கு, அப்புறம் யோசிக்கும் திறன், மூன்றுக்கும் ஒரே மதிப்பு. மனப்பாடம் செய்து எழுதுகிற பரீட்சை இல்லை.

நம் ஆட்கள் கூடும் இடமெல்லாம் இதே பேச்சு. கோயிலில் பிரசாத வரிசையில் நின்றால்கூட “எந்த கோச்சிங்?” என்றுதான் கேட்கிறார்கள். இதில் சேர்ந்தால்தான் 7ஆம் வகுப்பில் ஜேம்ஸ் ரூஸ் மாதிரி, பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் செலக்டிவ் பள்ளி கிடைக்கும் என்று ஆளாளுக்குச் சொல்ல, நானும் பயந்துவிட்டேன். சனிக்கிழமை கோச்சிங், தினமும் ராத்திரி ஒரு மாதிரித் தேர்வு. அவளுக்குப் பிடித்த நீச்சலை நிறுத்தினேன்.

மார்ச்சில் ஒரு நாள் அவள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே கணக்கை அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகியிருந்தது. முதலில் போட்ட விடை சரிதான், பென்சில் தடம் பின்பக்கத்தில் அப்படியே தெரிந்தது. ஏன் அழித்தாய் என்றதற்கு, “தப்பா இருந்தா உன் முகம் மாறிடும்மா” என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே அவளுடைய டீச்சரைப் போய்ப் பார்த்தேன். இந்த வகுப்பு கிடைக்காத பிள்ளைகளும் 6ஆம் வகுப்பில் செலக்டிவ் பரீட்சை எழுதலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கோச்சிங்கை நிறுத்திவிட்டேன். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கடிகாரம் வைக்காமல் நானும் கூட உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்கே பல கணக்கு வரவில்லை. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், அம்மா! நீச்சலுக்கும் திரும்பப் போகிறாள். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி விழிப்பு வந்தால் அதே நினைப்புதான். ஆனால் அதை அவள் காதில் விழாமல், சாயங்காலம் நடக்கப் போகும்போது யாழினி அப்பாவிடம் மட்டும் பேசுகிறேன்.

முடிவு வர இன்னும் சில மாதம் ஆகும். அதுவரை நீ ஒன்று செய்யவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பரீட்சை பற்றி அவளிடம் எதுவும் கேட்காதே. அப்பாவிடமும் சொல்லிவை. மாமா பையனின் ரேங்க் பேச்சும் வேண்டாம். நம் கோழி பொரித்த குஞ்சுகளைக் காட்டு. ஐந்துக்கும் பெயர் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

அன்புடன்,
செல்வி